உறைக்குள் இருந்த சொல்

பரிசுப் போட்டி என்றதும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தருமியாகத்தான் இருக்க முடியும். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தில் நாகேஷ் அந்த ஏழைப் புலவனுக்கு அழியாத ஓர் உருவம் கொடுத்துவிட்டார். பாண்டியன் மனத்தில் ஓர் ஐயம். அதைத் தீர்க்கும் பாடலுக்கு ஆயிரம் பொன் கொண்ட பொற்கிழி சங்க மண்டபத்தில் தொங்குகிறது. இறைவன் எழுதித் தந்த பாடலோடு தருமி வருகிறான். நக்கீரர் குற்றம் காண்கிறார். குறுந்தொகையின் இரண்டாம் பாடலைச் சுற்றிப் பின்னப்பட்ட இந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரியும்.

கதையில் நாம் அதிகம் கவனிக்காத கூறு ஒன்று உண்டு. புராணத்தின்படி மன்னன் தன் ஐயம் இன்னதென்று வெளியே சொல்வதில்லை. தன் உள்ளத்தில் இருப்பதை உணர்ந்து பாடுபவருக்கே பரிசு என்கிறான். விடை முன்கூட்டியே ஒருவர் மனத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு சிறந்த பாடலானாலும் அந்தப் பூட்டுக்குப் பொருந்தாவிட்டால் பொற்கிழி இல்லை. இது புலமைப் போட்டியா, ஊகப் போட்டியா? புராணம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் நீதிமன்றங்கள் கேட்டன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நம் உச்ச நீதிமன்றமும் கேட்டது. கேட்க வைத்தவர்கள் மன்னர்கள் அல்லர்; கையில் சொற்ப முதலோடு பத்திரிகைத் தொழிலில் இறங்கிய சில வணிகர்கள். அவர்கள் கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன். வெகுஜன இலக்கியத்தின் பிறப்போடும் அதற்குத் தொடர்பு உண்டு.

சைவ உணவகம் தந்த முதல்

ஜார்ஜ் நியூன்ஸ் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் 1851இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். அலங்காரப் பொருள் விற்கும் நிறுவனங்களுக்காக ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்றவர். செய்தித்தாள்களில் வரும் சுவையான துணுக்குகளை வெட்டி வைத்துக்கொள்வதும் மனைவிக்குப் படித்துக் காட்டுவதும் அவர் வழக்கம். இத்தகைய துணுக்குகள் மட்டுமே கொண்ட பத்திரிகை ஒன்று இருந்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியிருக்கிறது. முதல் போட யாரும் முன்வரவில்லை. நியூன்ஸ் மான்செஸ்டரில் ஒரு சைவ உணவகத்தைத் திறந்தார். அதில் கிடைத்த பணத்தைக் கொண்டு 1881 அக்டோபரில் 'டிட்-பிட்ஸ்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். விலை ஒரு பென்னி.

1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் எழுத்தறிவு பெற்ற புதிய தலைமுறை ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், ரயிலில் வேலைக்குச் சென்று திரும்புவோர். நீண்ட தலையங்கங்களைப் படிக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் கையில் ஒரு பென்னி இருந்தது. அந்த ஒரு பென்னியை வாரந்தோறும் தன்னிடமே கொடுக்க வைப்பது எப்படி என்பதுதான் நியூன்ஸின் முன்னிருந்த கேள்வி. துணுக்குகளை யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். போட்டிப் பத்திரிகைகள் முளைக்க வெகு நாள் ஆகாது.

அவர் கண்ட விடை பரிசு. 1883இல் சிறந்த கதைக்குப் பரிசாக ஒரு வீட்டையே அறிவித்தார். லண்டனின் டல்விச் பகுதியில் ஏழு அறைகள் கொண்ட வீடு. நிபந்தனை ஒன்றுதான்: வீட்டுக்கு 'டிட்-பிட்ஸ் வில்லா' என்று பெயரிருக்க வேண்டும். வாசகருக்கு வீடு, வணிகருக்கு நிரந்தர விளம்பரப் பலகை! பின்னர் தங்க நாணயங்களை ஓரிடத்தில் புதைத்து வைத்து, தொடர்கதையில் வரும் குறிப்புகளைக் கொண்டு வாசகர்களைத் தேட வைத்தார். கையில் பத்திரிகைப் பிரதியோடு ரயில் விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 100 பவுண்டு தரும் காப்புத் திட்டத்தையும் கொண்டுவந்தார்.

இவற்றையெல்லாம்விட விளைவில் பெரியது 1884இல் அவர் நடத்திய வினாடி வினாப் போட்டி. வாரம் பத்துக் கேள்விகள் வீதம் பதின்மூன்று வாரங்களுக்கு 130 கேள்விகள். பரிசு, 'டிட்-பிட்ஸ்' அலுவலகத்தில் ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலை. பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு சிற்றூர்ப் பாதிரியாரின் மகனான பதினெட்டு வயது ஆர்தர் பியர்சன் இதில் கலந்துகொண்டார். விடைகளைத் தேட அவர் ஊரில் நூலகம் இல்லை. முப்பது மைல் தொலைவிலுள்ள பெட்ஃபோர்டு நூலகத்துக்கு வாரத்தில் பல நாள் சைக்கிளில் போய் வந்தார். வேலையை வென்றார். ஓர் ஆண்டுக்குள் நிர்வாகியாகவே உயர்ந்தார்.

ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் போட்டிகளில் பரிசு வணிகரின் சட்டைப்பையிலிருந்து வந்தது. வாசகர் பத்திரிகையின் விலையைத் தவிர வேறெதையும் கொடுக்கவில்லை. வினாடி வினாவில் விடை நூலகத்தில் இருந்தது. சைக்கிள் மிதிக்கத் தயாராக இருந்தவர் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. பரிசுப் போட்டியின் வரலாற்றில் இதை ஒரு பொற்காலம் என்றே சொல்வேன். அது நீண்ட காலம் நீடிக்கவில்லை.

வாரம் ஒரு பவுண்டு, ஆயுள் முழுதும்

'டிட்-பிட்ஸ்' இதழுக்குத் துணுக்குகள் எழுதிக்கொண்டிருந்த இளைஞர்களுள் ஒருவர் ஆல்ஃப்ரட் ஹார்ம்ஸ்வொர்த். அதே அச்சில் 1888இல் 'ஆன்சர்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர் கேள்விகளுக்கு விடை என்பது பெயர்க் காரணம். முதல் ஆண்டு தள்ளாட்டம்தான். 1889இல் அவர் அறிவித்த போட்டி எல்லாவற்றையும் மாற்றியது. டிசம்பர் 4ஆம் நாள் வேலை நேரம் முடியும்போது இங்கிலாந்து வங்கியில் இருக்கும் தங்கத்தின் மதிப்பு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டும். மிக நெருங்கியவருக்கு வாரம் ஒரு பவுண்டு, ஆயுள் முழுதும்.

தேம்ஸ் நதிக்கரையில் சந்தித்த நாடோடி ஒருவன், வாரம் ஒரு பவுண்டு நிச்சயமாகக் கிடைத்தால் அதைவிடப் பெரிய இன்பம் இல்லை என்று சொன்னதிலிருந்து இந்த யோசனை பிறந்ததாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, தொகையைத் தேர்ந்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. மொத்தமாக ஆயிரம் பவுண்டு என்று அறிவித்திருந்தால் அது எட்டாத கனவு. வாரம் ஒரு பவுண்டு என்பது அன்றைய சாமானியன் தன் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்க்கக்கூடிய தொகை. வாடகை கவலையில்லை, வேலை போனாலும் பட்டினியில்லை. ஹார்ம்ஸ்வொர்த் விற்றது செல்வத்தை அல்ல, பயமின்மையை.

விதிகளில் இன்னொரு சூட்சுமம் இருந்தது. ஒவ்வொருவரும் தம் ஊகத்தை அஞ்சலட்டையில் எழுதி, ஐந்து சாட்சிகளின் கையொப்பத்தோடு அனுப்ப வேண்டும். சாட்சிகள் ஒரே வீட்டில் வசிப்பவர்களாகவோ உறவினராகவோ இருக்கக் கூடாது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் வந்து குவிந்தன. அப்படியானால் 'ஆன்சர்ஸ்' என்ற பெயர் சாட்சிகளின் வாயிலாக மட்டும் எத்தனை லட்சம் பேரின் காதில் விழுந்திருக்கும்! கூலி இல்லாத விளம்பர முகவர்களின் படை ஒன்றை அந்த ஒரு விதி உருவாக்கிவிட்டது.

வென்றவர் ராணுவ நில அளவைப் பிரிவில் இருந்த ஒரு சிப்பாய். கோடிகளில் ஓடும் தொகையை இரண்டு பவுண்டு வித்தியாசத்தில் ஊகித்திருந்தார். முடிவு வெளியான இதழின் விற்பனை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அடுத்து, வாரம் இரண்டு பவுண்டு என்று ஹார்ம்ஸ்வொர்த் அறிவித்தபோது அரசு லாட்டரிச் சட்டத்தைக் காட்டித் தடுத்துவிட்டது. அதனால் அவருக்கு நட்டமில்லை. வாசகர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். அந்த அடித்தளத்தின் மீது அவர் 1896இல் 'டெய்லி மெயில்' நாளிதழைக் கட்டினார்.

இந்த இரண்டாம் கட்டத்திலும் பணம் வணிகருடையதுதான். ஆனால் விடை நூலகத்திலிருந்து இடம் மாறிவிட்டது. வங்கியின் தங்கக் கையிருப்பை எந்த நூலைப் படித்தும் பவுண்டுக் கணக்கில் கண்டறிய முடியாது. சைக்கிள் இனி உதவாது.

விடுபட்ட சொல்

மூன்றாம் கட்டத்தைத் தொடங்கி வைத்தவர் யார் என்று பார்த்தால் வரலாற்றின் கிண்டல் புரியும். நூலகத்துக்கு முப்பது மைல் சைக்கிள் மிதித்த அதே ஆர்தர் பியர்சன்தான். 1890இல் நியூன்ஸிடமிருந்து விலகி 'பியர்சன்ஸ் வீக்லி' என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அதில் 'விடுபட்ட சொல்' என்ற போட்டியை அறிமுகப்படுத்தினார்.

ஒரு பத்தி அச்சிடப்பட்டிருக்கும். அதன் கடைசிச் சொல் மட்டும் இருக்காது. அந்தச் சொல் எது என்று எழுதி, கூப்பனோடு ஒரு ஷில்லிங் போஸ்டல் ஆர்டர் இணைத்து அனுப்ப வேண்டும். வந்து சேரும் ஷில்லிங்குகள் முழுவதும் சரியான சொல்லை எழுதியவர்களுக்குச் சமமாகப் பகிரப்படும். பத்திரிகை ஒரு காசும் எடுத்துக்கொள்ளாது. சரியான சொல் ஓர் உறையில் முத்திரையிடப்பட்டு ஒரு தணிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது.

ஆனால் நடந்திருப்பது என்ன? பரிசுப் பணம் வணிகரின் பையிலிருந்து வாசகரின் பைக்கு இடம் மாறிவிட்டது. பியர்சன் தம் கைப்பணம் எதையும் வைக்கவில்லை. தோற்றவர்களின் ஷில்லிங்தான் வென்றவர்களின் பரிசு. பத்திரிகைக்குக் கிடைத்த லாபம் கூப்பனுக்காக விற்ற பிரதிகள். கூப்பன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி வேண்டுமே! 1892இன் இறுதிக்குள் இங்கிலாந்து முழுவதும் விடுபட்ட சொல் பித்துப் பிடித்து அலைந்தது. பிற பத்திரிகைகளும் இதையே நகலெடுத்தன. கடைசிப் போட்டி ஒன்றுக்கு மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. குவிந்த தொகை 23,000 பவுண்டுக்கும் அதிகம்.

வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆங்கிலச் சட்டத்தில் லாட்டரி என்பதற்கு மூன்று கூறுகள் வேண்டும்: பரிசு, அந்தப் பரிசு அதிர்ஷ்டத்தால் தீர்மானிக்கப்படுவது, பங்கேற்பவர் பணம் கொடுப்பது. முதலும் மூன்றும் இங்கே வெளிப்படை. இரண்டாவதுதான் கேள்வி. பத்திக்கு மிகப் பொருத்தமான சொல்லைக் கண்டுபிடிப்பது மொழித்திறன் அல்லவா என்பது பியர்சனின் தரப்பு. 1893இல் 'பார்க்ளே எதிர் பியர்சன்' வழக்கில் நீதிபதி ஸ்டர்லிங் இதை ஏற்கவில்லை. உறைக்குள் இருப்பது மிகப் பொருத்தமான சொல்லாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. பல சொற்கள் பொருந்தும் இடத்தில் ஆசிரியர் தம் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்து முத்திரையிட்டிருக்கிறார். அதே சொல்லை வாசகர் எழுதுவது தற்செயலே. எனவே இது லாட்டரி என்று தீர்ப்பளித்தார்.

இலக்கிய வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தேர்வது எழுத்தாளன் வாழ்நாள் முழுவதும் செய்யும் வேலை. அந்தச் சொல்லை வெல்லும் வேறொரு சொல் இல்லாதபடி எழுதுவதே சொல்வன்மை என்று வள்ளுவம் சொல்கிறது. பியர்சனின் போட்டியில், உறைக்குள் இருக்கும் சொல்லை வெல்லும் சொல்லை எழுதி அனுப்பியவர் ஒரு ஷில்லிங்கை இழந்தார். மொழித்திறன் மிக்கவர் தோற்கும் வாய்ப்பே அதிகம்; அவருக்குத்தான் பல சொற்கள் தெரியும். நான்கு லட்சம் பேர் ஒரு சொல்லுக்காக அகராதியைப் புரட்டினார்கள் என்பது கேட்க மகிழ்ச்சியான செய்தி. அவர்கள் புரட்டியது அகராதியை அல்ல, பகடையை என்பதே நீதிமன்றம் கண்ட உண்மை.

ஈற்றடி வியாபாரம்

தீர்ப்பு வந்தால் வணிகம் நின்றுவிடுமா? சொல்லிலிருந்து அடிக்கு நகர்ந்தது. 1907இல் லண்டன் பத்திரிகைகளில் லிமெரிக் மோகம் பரவியது. லிமெரிக் என்பது ஐந்தடி கொண்ட வேடிக்கைப் பாட்டு. முதல் நான்கடியைப் பத்திரிகை தரும். ஈற்றடியை வாசகர் எழுதி ஆறு பென்னி போஸ்டல் ஆர்டரோடு அனுப்ப வேண்டும். நம் மரபில் ஈற்றடியைக் கொடுத்துவிட்டு முன்னடிகளைப் பாடச் சொல்வார்கள். காளமேகத்தின் பேரில் வழங்கும் பாடல்களில் பல இப்படிப் பிறந்தவை. இரட்டைப் புலவர்களில் ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடிப்பார். இந்த விளையாட்டை ஒரு தேசமே காசு கட்டி ஆடியது எனலாம்.

எவ்வளவு காசு? இந்தக் கணக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டது. சாதாரணமாக ஆறு மாதங்களில் ஏழெட்டு லட்சம் ஆறு பென்னி போஸ்டல் ஆர்டர்கள் விற்கும் இடத்தில், 1907இன் பின்பாதியில் 1 கோடியே 14 லட்சம் விற்றிருந்தன. பத்திரிகைகள் மட்டுமல்ல, பிற வணிகர்களும் இதில் இறங்கினர். சாமுடா என்ற சிகரெட் நிறுவனம் தன் சிகரெட்டை வாங்கிக் கூப்பன் அனுப்புவோருக்கு ஈற்றடிப் போட்டி நடத்தி, முதல் பரிசாக வாரம் மூன்று பவுண்டு ஆயுள் முழுதும் என்று அறிவித்தது. ஹார்ம்ஸ்வொர்த்தின் பழைய தூண்டில், புதிய புழு.

இந்த மோகத்தின் ஓரத்தில் ஒரு துணைத் தொழிலும் முளைத்தது. சிறந்த ஈற்றடிகளை எழுதித் தருவதாகத் தொழில்முறைப் பாட்டுக்காரர்கள் விளம்பரம் செய்தார்கள். பரிசு வாங்க விரும்புபவர் அவர்களிடம் அடியை விலைக்கு வாங்கித் தம் பெயரில் அனுப்பலாம். தருமிகள் பெருகிவிட்டார்கள், எழுதித் தரும் சொக்கநாதர்களுக்கும் கட்டணம் வந்துவிட்டது. வேறுபாடு ஒன்றே. ஏன் இந்த அடி, ஏன் மற்றது இல்லை என்று கேட்க நக்கீரர் இல்லை. குவியும் விண்ணப்பங்களை யார் படித்து ஒப்பிட முடியும்? 1908இல் 'பிளித் எதிர் ஹல்டன்' வழக்கில் நீதிமன்றம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. அத்தனை அடிகளையும் தகுதி பார்த்துத் தேர்ந்ததாக நம்ப இடமில்லை. எனவே இதுவும் லாட்டரியே என்று முடிவாயிற்று. பாட்டெழுதத் திறமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்தத் திறமையை எடை போட ஆளில்லாதபோது அது திறமைப் போட்டி ஆகாது.

கட்டங்கள் இந்தியாவுக்கு வந்தன

1913 டிசம்பரில் நியூயார்க்கின் 'வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட சொற்புதிர்தான் இன்றைய குறுக்கெழுத்தின் முன்னோடி. 1920களில் அது உலகைச் சுற்றியது. உண்மையான குறுக்கெழுத்தில் ஒவ்வொரு கட்டமும் இன்னொன்றோடு பின்னியிருப்பதால் விடை ஒன்றுதான். அது பியர்சனின் வினாடி வினாவைப் போல, முயன்றால் கிடைக்கும். ஆனால் பரிசு வணிகருக்கு இது உதவாது. எல்லோரும் சரியாக நிரப்பிவிட்டால் பரிசைப் பங்கிட முடியாது. ஆகவே ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்துமாறு கட்டங்களைத் தளர்த்தினார்கள். விடுபட்ட சொல் மறுபிறவி எடுத்தது, இம்முறை கறுப்பு வெள்ளைக் கட்டங்களில். 1936இல் 'கோல்ஸ் எதிர் ஓடம்ஸ் பிரஸ்' வழக்கில் லண்டன் நீதிமன்றம், இது மறைத்து வைத்த இலக்கின் மீது கண்ணை மூடிக்கொண்டு எய்வதற்கு ஒப்பானது என்று கூறிவிட்டது.

இதே ஆண்டுகளில் தமிழகத்தில் என்ன நடந்தது? 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய 'ஆனந்த விகடன்' இதழை 1928இல் எஸ்.எஸ். வாசன் விலைக்கு வாங்கினார். அதற்கு முன் அவர் பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுப்பதும் தபாலில் பொருள் விற்பதுமாகச் சிறு வணிகம் செய்துகொண்டிருந்தவர். பெயரில் உள்ள எட்டு எழுத்துக்கும் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் கொடுத்தார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1930களில் விகடன் அறிவித்த ரொக்கப் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் அதன் வாசகர் வட்டத்தைப் பெரிதும் விரித்தன. இது சூதாட்டம் என்ற கண்டனமும் உடன் எழுந்தது.

கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கல்கியின் 'தியாகபூமி' விகடனில்தான் தொடராக வந்தது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் விகடனில்தான் வாரந்தோறும் வெளிவந்தது. ஓலைச்சுவடிகளோடு வாழ்ந்த அறிஞர் ஒருவரின் வாழ்க்கை அவ்வளவு பெரிய வாசகர் கூட்டத்தை அடைந்ததென்றால், அந்தக் கூட்டம் எப்படித் திரண்டது என்ற கணக்கில் கட்டங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்திலும் இதுவேதான் நடந்தது. 'டிட்-பிட்ஸ்' ஈட்டிய செல்வத்தில் நியூன்ஸ் 1891இல் தொடங்கிய 'ஸ்ட்ராண்ட் மேகஸின்' இல்லையேல் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் நாம் அறிந்த வடிவில் வந்திருக்குமா என்பது ஐயமே. பரிசுக்கு வந்தவர்களில் சிலர் படிப்பதற்குத் தங்கிவிட்டார்கள். 1933இல் பிறந்த 'மணிக்கொடி' எந்தத் தூண்டிலும் போடாமல் எழுதியது. பொருள் நெருக்கடியிலேயே அதன் காலம் கழிந்தது. யார் செய்தது சரி என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை.

சட்டத்துக்கு அந்தத் தயக்கம் இருக்க முடியாது. சுதந்திரத்துக்குப் பின் பரிசுக் குறுக்கெழுத்து நாடு தழுவிய தொழிலாகியிருந்தது. பெங்களூரிலிருந்து 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற வாரப் பத்திரிகையை நடத்திய ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா குழுவினரின் குறுக்கெழுத்துப் போட்டிகள் அதில் முன்னணியில் இருந்தன. பம்பாய் மாகாண அரசு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, வெளி மாநிலத்தில் அச்சான பத்திரிகைகளின் போட்டிகளையும் வரிக்கும் உரிமத்துக்கும் உட்படுத்தியது. நடுவண் அரசு 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டி கூடாது; அதற்குட்பட்டதற்கும் உரிமம் வேண்டும்; ஒரு போட்டிக்கு 2,000 விண்ணப்பங்களுக்கு மேல் ஏற்கக் கூடாது. எண்களைப் பாருங்கள். நான்கு லட்சம் விண்ணப்பங்களின் கதையை யாரோ நன்றாகப் படித்துவிட்டு எழுதிய சட்டம் போலிருக்கிறது.

வழக்குகள் உச்ச நீதிமன்றத்தை அடைந்தன. 1957 ஏப்ரல் 9 அன்று இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்றில் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ், ரிக் வேதத்தின் சூதாடி தொடங்கி மகாபாரதம், தர்ம சாஸ்திரங்கள் வரை எடுத்துக்காட்டி, சூதாட்டம் அரசியல் சட்டம் காக்கும் வணிகம் ஆகாது என்றார். சரியான விடை ஒரு குழுவால் முன்பே முடிவு செய்து வைக்கப்படுவதால் இந்தக் குறுக்கெழுத்து சூதாட்டமே என்றார். மற்றொன்றை எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் ஆழ்ந்த புலமை கொண்டு 1944இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற அதே டி.எல்.வி.தான். திறமையை முதன்மையாகக் கொண்ட போட்டிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது, வாய்ப்பை நம்பிய போட்டிகளையே கட்டுப்படுத்தும் என்று அவர் கோடு கிழித்தார். பயிற்சியால் வருவதற்கும் தற்செயலாய் வாய்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் இசைவாணர் தீர்மானித்தது பொருத்தமாகவே படுகிறது.

யார் பணம்?

திறமையா அதிர்ஷ்டமா என்ற அந்தக் கோட்டைச் சுற்றித்தான் பிறகு வந்த வழக்குகளும் வாதங்களும் சுழன்றன. தமிழக அரசு 2003இல் லாட்டரிச் சீட்டு விற்பனையைத் தடை செய்தது. இணையச் சூதாட்டம் பற்றிய வழக்குகளில் 1957 தீர்ப்புகள் மீண்டும் மீண்டும் மேற்கோள் காட்டப்பட்டன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைப் பொறுத்தவரை, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதத்தையே விட்டுவிட்டது. ஆடுபவர் பணம் வெல்லும் எதிர்பார்ப்பில் கட்டணமோ பணயமோ செலுத்துகிறாரா என்பதே அதன் கேள்வி.

இந்த வரலாற்றைப் படித்துவரும்போது எனக்கும் அதுதான் சரியான கேள்வி என்று தோன்றுகிறது. திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடையிலான கோட்டை எவ்வளவு எளிதாக அழிக்கலாம் என்பதற்குத் தளர்த்தப்பட்ட கட்டங்களே சாட்சி. பணம் யார் பையிலிருந்து வருகிறது என்பதை அப்படி மறைக்க முடியாது. நியூன்ஸ் வீட்டைக் கொடுத்தபோது அது வணிகர் வாசகருக்குக் கொடுத்த பரிசு. பியர்சன் ஷில்லிங்குகளைப் பகிர்ந்தபோது அது வாசகர்கள் தங்களுக்குள் ஆடிய சூது; அவர் ஆட்டக் களத்தை வாடகைக்கு விட்டவர். இரண்டுக்கும் பெயர் பரிசுப் போட்டிதான். சூதில் வென்றதும்கூட மீன் விழுங்கிய தூண்டில் பொன்னே என்று வள்ளுவர் சொன்னது இரண்டாவதற்கு முழுதும் பொருந்தும்.

இன்றும் தெருமுனைத் துணிக்கடையில் தீபாவளிக்குக் குலுக்கல் பெட்டி வைக்கிறார்கள். பில்லின் பின்பக்கம் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் போட்டால் ஒரு மிக்ஸியோ ஒரு வெள்ளிக் காசோ கிடைக்கலாம். அந்தச் சீட்டுகள் கடைக்காரருக்கு ஒரு முகவரிப் பட்டியல்; ஹார்ம்ஸ்வொர்த்தின் ஐந்து சாட்சிகளின் வாரிசு. அடுத்த முறை சீட்டைப் போடும்போது மிக்ஸியின் விலை யார் கணக்கில் ஏறியிருக்கிறது என்று மட்டும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆர்தர் பியர்சனின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லாமல் முடித்தால் அவருக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். 1900இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழைத் தொடங்கிப் பெரும் செல்வரானார். கண் நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்தார். 1915இல், போரில் பார்வையிழந்த வீரர்களுக்கென லண்டனில் 'செயின்ட் டன்ஸ்டன்ஸ்' இல்லத்தை நிறுவினார். இரக்கத்துக்கு உரியவர்களாக அவர்கள் ஒடுங்கிவிடக் கூடாது, பிரெய்ல் படிக்க வேண்டும், தொழில் கற்க வேண்டும், சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதே அங்கே அவருடைய கொள்கை. முத்திரையிட்ட உறையை நம்பி லட்சக்கணக்கானோரை ஷில்லிங் அனுப்ப வைத்தவர், கடைசியில் முயன்றால் கைகூடும் என்ற பழைய சைக்கிள் பாதைக்கே திரும்பி வந்துவிட்டார் என்று எண்ணிக்கொள்ள விரும்புகிறேன்.